கல்லூரியில் முஸ்லிம் மாணவர்களின் வணக்க வாழ்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில், அதிலும் விடுதிகளில் தங்கிப் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விடுதிக் காப்பாளர்களும் பேராசிரியர்களும் படித்தால் இன்னும் நல்லது. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை முடிந்த கையோடு இதே கேள்விகள்தான் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு அறிவுரையும் கண்காணிப்பும் தேவைக்கு மேல் கிடைக்கின்றன. உளூச் செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவத் தண்ணீரும், தொழ ஓர் இடமும், தயக்கமில்லாமல் பேச ஒரு பெரியவரும்தான் கிடைப்பதில்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் குறையைப் பற்றியவை.

கல்லூரி நேரத்தில் எத்தனை தொழுகைகள் வருகின்றன? வகுப்பு கெடாதா?

அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். சென்னையில் நண்பகல் தொழுகையான லுஹரின் நேரம் பருவத்துக்கு ஏற்ப 11.55 முதல் 12.25 மணிக்குள் தொடங்குகிறது. பிற்பகல் தொழுகையான அஸர் தொடங்கும் வரை, அதாவது மூன்று மணியைத் தாண்டும் வரை அந்த நேரம் நீள்கிறது. மதிய உணவு இடைவேளை எப்போது விட்டாலும் அதற்குள் லுஹர் அடங்கிவிடும். பிற்பகல் ஆய்வக வகுப்பு ஐந்து மணி வரை நீண்டாலும், முடிந்த பிறகு அஸர் தொழ நேரம் இருக்கும். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் (மத்ஹபுகளில்) ஒன்றான ஹனஃபியைப் பின்பற்றுபவர்களுக்கு அஸர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே தொடங்குகிறது என்பதால் அவர்களுக்கு இதில் சிக்கல் இன்னும் குறைவு. உளூவும் தொழுகையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் போதும்.

உண்மையான சிக்கல் மஃரிப் என்னும் அந்தித் தொழுகையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நவம்பர், டிசம்பரில் சென்னையில் 5.40 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. அடுத்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள் மஃரிப் தொழுதாக வேண்டும். அந்த நேரத்தில் கல்லூரிப் பேருந்து புறவழிச்சாலை நெரிசலில் நின்றுகொண்டிருக்கும். தினமும் பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கு மஃரிப் தவறிப்போவது பெரும்பாலும் இப்படித்தான். இறங்கும் நிறுத்தத்துக்கு அருகில் எந்தப் பள்ளிவாசல் இருக்கிறது, அதில் பெண்கள் தொழ வசதி உண்டா என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்து வைத்துவிடுங்கள். பயணத்திலேயே நேரம் கடந்துவிடும் என்றால் என்ன செய்வது என்பதை உங்கள் மத்ஹபு ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுவதற்கு இடம் கேட்டால் நிர்வாகம் சம்மதிக்குமா?

பல இடங்களில் நிர்வாகம் மறுப்பதற்குக் காரணம், கேட்பவர்கள் 'தொழுகைக் கூடம்' என்று கேட்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிரே இருப்பவர் மனத்தில் மினாரா எழும்பிவிடுகிறது. பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. நமக்கு வேண்டியது நான்கைந்து பேர் நிற்கும் அளவு சுத்தமான தரை, மேற்கிலிருந்து சற்று வடக்காகத் திரும்பி நிற்க வசதி, பக்கத்தில் கால் கழுவ ஒரு குழாய். இவ்வளவுதான். மாலை வரை பூட்டிக் கிடக்கும் ஒரு வகுப்பறையோ, நூலகத்தின் மேல்மாடி ஓரமோ போதும். மதியம் இருபது நிமிடம் அந்த அறை வேண்டும் என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

மாணவிகளுக்குத் தனி இடம் வேண்டும். இதில் நம் பையன்களின் மீதே எனக்கு வருத்தம் உண்டு. கிடைத்த ஒரே அறையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, பெண்பிள்ளைகள் எங்கே தொழுகிறார்கள் என்று கேட்காமலேயே மூன்று ஆண்டுகளை முடித்துவிடுகிறார்கள். ஓய்வறையில் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கிக் கழுவியதற்காகத் திட்டு வாங்கிய மாணவிகள் ஏராளம். ஒரு பிளாஸ்டிக் குவளையும் கால் கழுவ ஒரு தாழ்வான குழாயும் இருந்தால் அந்தச் சச்சரவே எழாது.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. இடைவேளையில் ஒரு மாணவர் ஓரமாக நின்று தொழுவது போதனை ஆகாது. அதே நேரம், தனி அறை எங்கள் சட்ட உரிமை என்று மல்லுக்கு நிற்பதும் சரியாக வராது. ஒரு விண்ணப்பமும் ஒழுங்கான நடத்தையும் சாதிப்பதை வழக்குப் பேச்சு சாதிக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு என்ன வழி?

ஊருக்குள் இருக்கும் கல்லூரி என்றால் எளிது. எல்லாப் பள்ளிவாசல்களிலும் ஜும்ஆ ஒரே நேரத்தில் நடப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியில் எத்தனை மணிக்கு குத்பா (ஜும்ஆ உரை) தொடங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பெரிய உபகாரம். உங்கள் இடைவேளைக்குப் பொருந்தும் பள்ளி ஒன்று இருக்கும்.

நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரிகளில்தான் கஷ்டம். அங்கே பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்வது நடைமுறையில் பலன் தருகிறது. நாங்களே வளாகத்தில் ஜும்ஆ நடத்திக்கொள்கிறோம் என்று கிளம்புவதற்கு முன் ஓர் ஆலிமைக் கேளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த ஊரில் நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் வேண்டும். விடுதி மாணவர் அந்தக் கணக்கில் வருவாரா என்பதே பெரிய கேள்வி. ஹனஃபி மத்ஹபில் நிபந்தனைகள் வேறு.

பிற்பகல் தேர்வு இரண்டு மணிக்கு என்றால், ஒரு மணிக்குள் தொழுகை முடியும் பள்ளியைத் தேடிக்கொள்ளுங்கள். காலைத் தேர்வு ஒரு மணிக்கு முடிகிறது என்றால் ஒன்றரை மணி ஜும்ஆ கிடைக்குமா என்று பாருங்கள். கல்லூரியே நடத்தும் உள்தேர்வுகளில் வெள்ளி பிற்பகல் தொடக்கத்தை அரை மணி தள்ளி வைக்கும்படி துறைத்தலைவரிடம் கேட்கலாம். கேரளப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை கூடுதலாகவே விடுகிறார்கள்; பாடம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ரமலானில் விடுதி உணவகத்தை எப்படிச் சமாளிப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. நீண்ட பதில் இதற்கு வேண்டும்.

விடுதி உணவகம் இரவு ஒன்பது மணிக்கு மூடினால் காலை ஏழரைக்குத்தான் திறக்கும். நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹரோ நாலரை, ஐந்து மணிக்கு. மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் தேநீர் தீர்ந்திருக்கும், இரவுச் சாப்பாடு தயாராகியிருக்காது. ஆகவே மூன்று வேளைக்கும் பணம் கட்டிவிட்டு ஒரு வேளை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடும் நிலை. பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்று சுமார் பதின்மூன்று மணி நேரம் நோன்பிருந்து வகுப்பில் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பொறுக்காது. இத்தனைக்கும் தீர்வு மிக மலிவானது. இரவுச் சமையலில் சோறும் குழம்பும் எடுத்துச் சூடுதாங்கும் பாத்திரத்தில் வைத்து, நோன்பு நோற்பவர்கள் அறைக்கு எடுத்துச் செல்ல அனுமதித்தால் போதும். முடிந்த விடுதிகளில் ஒரு சமையல்காரர் நாலு மணிக்கு வந்து உப்புமா கிண்டிக் கொடுக்கிறார். அதற்கான கூடுதல் கூலியை மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கட்டிய பணத்தில் சஹரை ஈடுகட்டலாமா என்று உணவகக் குழுவிடம் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். பிறை பார்த்த அன்றைக்குப் போய்க் கேட்டால் எந்தக் காப்பாளராலும் உதவ முடியாது.

மாலையில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி இருக்கிறது. அரிசியும் பருப்பும் தேங்காய்ப்பாலும் இஞ்சி பூண்டும் சேர்ந்த அந்தக் கஞ்சி நாள் முழுவதும் காய்ந்த வயிற்றுக்குச் சுகம். தமிழ்நாடு அரசு கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. பக்கத்துப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மஹல்லா ஜமாஅத்தின் செயலாளரிடம் விடுதியில் இத்தனை பேர் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். தூக்குவாளி கொண்டுவந்தால் கொடுத்தனுப்ப ஜமாஅத்தார் பொதுவாகத் தயங்குவதில்லை. ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை: பையன்கள் பள்ளிக்கு வந்து கஞ்சி குடித்துவிடுகிறார்கள். மாணவியர் விடுதிக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? அதையும் ஏற்பாடு செய்யுங்கள்.

காப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவியர் விடுதியில் 'யார் யார் நோன்பு' என்று தினமும் கையைத் தூக்கச் சொல்லிப் பட்டியல் எடுக்காதீர்கள். மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு நோற்பதில்லை. அந்த நாட்களுக்குப் பிறகு நோன்பு நோற்று ஈடுகட்டிக்கொள்வார்கள்; இதைக் களா என்பார்கள். 'இன்றைக்கு ஏன் இல்லை?' என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பது பிள்ளையைக் கூச வைக்கும். ரமலான் முழுவதற்கும் மொத்தமாக ஓர் எண்ணிக்கை வாங்கிக்கொண்டு, அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். நோன்பில்லாத நாளில் மதியச் சாப்பாட்டுக்கு வருபவரையும் ஒன்றும் கேட்காதீர்கள். சக மாணவிகளுக்கும் இது பொருந்தும்.

தேர்வும் ரமலானும் ஒன்றாக வந்தால் நோன்பை விடலாமா?

தேர்வு ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி நோன்பை விட ஆலிம்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. நோயாளிக்குச் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது (2:184, 185). நோன்பின்போது மயக்கம் வரும் அளவுக்கு உடல் தளர்ந்தால் முறித்துவிட்டுப் பிறகு களாச் செய்யலாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை மருத்துவரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கவே கூடாது. பக்தியின் பெயரால் உயிரோடு விளையாட மார்க்கம் சொல்லவில்லை.

ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்து, பதினொரு நாட்கள் முன்னதாகவே வருகிறது. 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும், 2028இல் ஜனவரி இறுதியிலும் தொடங்கும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் இன்னொரு முறையும் வரும். 2032, 2033 ஆண்டுகளில் நவம்பர், டிசம்பர் பருவத் தேர்வுகளின் மேல் நேராக வந்து நிற்கும். தேர்வு அட்டவணை தயாரிப்பவர்கள் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம். பெருநாள் பிறையைப் பொறுத்து ஒரு நாள் தள்ளிப்போகக்கூடும் என்பதால் அதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் தேர்வில்லாமல் இருந்தால், தொலைதூரப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெருநாள் தொழுதுவிட்டுத் திரும்புவார்கள்.

என் மகன் விடுதியில் தொழுகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ள முயல வேண்டாம் என்பதே என் பதில். காணொளி அழைப்பில் 'பாயைக் காட்டு' என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அறைத்தோழனிடம் ரகசியமாக விசாரிப்பவர்களும் இருக்கிறார்கள். இதனால் பிள்ளை கற்றுக்கொள்வது தொழுகையை அல்ல, பொய்யை. பதினெட்டு வயதில் அவன் இறைவன் முன்னால் தனியாக நிற்கப் பழகுகிறான். நடுவில் நாம் போய் நின்றால் அவன் நமக்காகத் தொழுவான். நாம் பார்க்காதபோது விட்டுவிடுவான்.

அதற்குப் பதிலாக, வைகறைத் தொழுகையான சுபுஹுக்கு எழுந்ததும் நீங்கள் அவனுக்காக துஆச் செய்தீர்கள் (பிரார்த்தித்தீர்கள்) என்று சொல்லுங்கள். வீட்டில் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதிய இரவில் அவனை நினைத்ததைச் சொல்லுங்கள். 'தொழுதாயா?' என்ற கேள்வியோடு தொடங்கும் அழைப்பை ஒரு கட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் எடுப்பதே இல்லை. 'சாப்பிட்டாயா, தூங்கினாயா?' என்று தொடங்கும் அழைப்பில், பத்து நிமிடம் கழித்து, சுபுஹுக்கு எழ முடியவில்லை என்று அவனே சொல்வான். சொல்லும்போது கோபப்படாமல் கேளுங்கள். இரவு ஒரு மணி வரை கைப்பேசி பார்த்தால் சுபுஹுக்கு எழ முடியாது என்பது அவனுக்கும் தெரியும். அதே தளத்தில் சேர்ந்து எழுப்பிக்கொள்ள இரண்டு நண்பர்கள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

என் மகள் மார்க்கத்தைப் பற்றிச் சந்தேகங்கள் கேட்கிறாள். ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அவள் உங்களிடம் கேட்கிறாள் என்றால் முதலில் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். கேட்காமலே மனத்துக்குள் விலகிப் போகிறவர்கள்தான் அதிகம். பரிணாமம், விதி, பெண்களுக்கான சட்டங்கள், நல்லவர்களுக்கு ஏன் துன்பம் என்று வகுப்பிலும் விடுதியிலும் பேச்சு வராமல் இருக்காது. அதற்காகத்தானே பல்கலைக்கழகம்.

இறந்தவற்றை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு என இப்ராஹீம் நபி இறைவனிடம் கேட்டார். நீ நம்பவில்லையா என்று இறைவன் கேட்டதற்கு, நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறுவதற்காகக் கேட்டேன் என்றார் (2:260). நபி கேட்டதை நம் பிள்ளை கேட்கும்போது வாயை அடைக்கலாமா? பாக்தாது நிஸாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி, 1095இல் உள்ளத்தில் எழுந்த நெருக்கடி தாங்காமல், நாக்கு எழாமல் பாடம் நடத்த முடியாத நிலைக்கு வந்து, பதவியைத் துறந்து ஊரைவிட்டே போனார். பல ஆண்டுகள் அலைந்து திரும்பியவரைத்தான் இன்றைக்கு உலகமே இமாம் என்கிறது.

உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். சேர்ந்து தேடுங்கள். படித்த, பொறுமையுள்ள ஓர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ அழைத்துச் செல்லுங்கள். பொறுமை என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'இப்படியெல்லாம் கேட்கக்கூடாது' என்று அதட்டி அனுப்பும் ஒரே ஒரு ஹஜ்ரத் போதும், அந்தப் பிள்ளை பத்தாண்டுகளுக்குப் பள்ளிவாசல் பக்கமே திரும்பாமல் இருக்க.

அறையில் ஒருவர் ஒரு மத்ஹபு, இன்னொருவர் வேறு இயக்கம். தினமும் வாக்குவாதம்.

காயல்பட்டினம், கீழக்கரைப் பையன் ஷாஃபிஈ. சுபுஹில் குனூத் என்னும் பிரார்த்தனையை ஓதுவான். வாணியம்பாடி, மேல்விஷாரம் பையன் ஹனஃபி, ஓத மாட்டான். மூன்றாமவன் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தான் என்பான். இவை எல்லாம் ஆயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் பேசி முடித்த வேறுபாடுகள். முதலாண்டு மாணவனின் கட்டில் மேல் உட்கார்ந்து தீர்க்க வேண்டியவை அல்ல. ஒருவர் பின்னால் ஒருவர் நின்று தொழுங்கள்.

மூத்த மாணவர்களுக்கு இன்னொன்று: புதிதாக வந்தவனுக்கு முதலில் வங்கி எங்கே, மருந்துக்கடை எங்கே, பள்ளிவாசல் எங்கே என்று காட்டுங்கள். உங்கள் இயக்கத்தின் துண்டுப் பிரசுரம் காத்திருக்கலாம்.

ஹிஜாபுக்குத் தடை வருமா?

கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று வகுப்பறையில் ஹிஜாபுக்கு இடம் தராத அம்மாநில அரசின் சீருடை ஆணை செல்லும் என்றது. அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று அதே வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஒருவருக்கொருவர் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். 2024 ஆகஸ்டில், மும்பைக் கல்லூரி ஒன்று ஹிஜாபுக்கும் தொப்பிக்கும் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. சேரும் முன்பே கல்லூரியின் உடை விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆய்வகத்தில் சூட்டில் உருகி ஒட்டாத பருத்தித் துணி, தொங்காமல் செருகிக் கட்டிய முந்தி என்பவை பாதுகாப்பு விதிகள். அவற்றை மனமுவந்து கடைப்பிடியுங்கள். நீட் போன்ற தேர்வுகளில் மரபு உடையில் வருபவர்கள் சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும்.

முஸ்லிம் கல்லூரியில் சேர்த்துவிட்டால் கவலை இல்லையே?

வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இலும் தொடங்கப்பட்டவை. தலைமுறைகளைப் படிக்கவைத்த நிறுவனங்கள். தொழ வசதி, ஜும்ஆ இடைவேளை பற்றி அங்கே யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள் என்பதும் அவற்றின் அழகு. ஆனால் பள்ளிவாசல் பக்கத்திலிருந்தால் பிள்ளை தானாகத் தொழுவான் என்பதில்லை. மேலே சொன்ன உரையாடல் அங்கும் தேவை.

பிள்ளை எதிலும் நாட்டமில்லாமல் அறையிலேயே கிடக்கிறான். ஓதிப் பார்த்தால் சரியாகுமா?

ஓதுங்கள், கூடவே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு ஈமான் குறைவு அல்ல. 'ஒழுங்காகத் தொழுதால் இதெல்லாம் வராது' என்ற சொல் நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்து அவன் தலையில் ஏற்றுகிறது. அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். அமெரிக்க, பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முஸ்லிம் மாணவர்களின் ஆன்மிகத் துணைக்கென்று ஒருவரை நியமித்திருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் அந்த வழக்கம் இல்லை. கல்லூரி மனநல ஆலோசகரும் பக்கத்துப் பள்ளி இமாமும் ஒருமுறை சந்தித்து, யாரை யாரிடம் அனுப்புவது என்று பேசிக்கொண்டால் பல பிள்ளைகள் தப்புவார்கள்.

முஸ்லிம் அல்லாத ஆசிரியர் நான். என்ன செய்யலாம்?

எங்கோ ஒரு குண்டு வெடித்தால் வகுப்பிலிருக்கும் ஒரே முஸ்லிம் மாணவனிடம் விளக்கம் கேட்காதீர்கள். அவனையும் மற்றப் பிள்ளைகளைப் போல் நடத்துங்கள். ஆயுத பூஜையில் ஒதுங்கி நின்றால் அவமரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வழிபாட்டில் கலந்துகொள்ள யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அதே 28ஆவது பிரிவு சொல்கிறது.

வீட்டில் மரணம் நேர்ந்தால் முஸ்லிம்கள் ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலைக் காக்க வைப்பதில்லை. இயன்றவரை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். நள்ளிரவில் செய்தி வந்தாலும் அலுவலகம் திறக்கட்டும், கையெழுத்து வரட்டும் என்று நிறுத்தாமல் உடனே அனுப்பிவையுங்கள். தந்தையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் அதை மறக்காது.

வெளிநாட்டில் படிக்கப் போகிறேன். அங்கே?

வட அமெரிக்காவில் முஸ்லிம் மாணவர் சங்கம் 1963இலேயே தொடங்கிவிட்டது. இன்று பல வளாகங்களில் கிளைகள் உண்டு. விமானம் ஏறும் முன்பே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பிரிட்டனில் ஜூன் மாதம் இரவுத் தொழுகையான இஷா நள்ளிரவை நெருங்கும், சுபுஹு சற்று நேரத்திலேயே வந்துவிடும். அங்குள்ள பள்ளிவாசல் பின்பற்றும் நேர அட்டவணையையே நீங்களும் பின்பற்றுங்கள்.

நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எப்படி எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை மாணவர்கள், எந்த நேரம், எத்தனை நிமிடம், எந்த அறை, அறையைப் பெருக்கிப் பூட்டும் பொறுப்பு யாருடையது என்பவை இருக்க வேண்டும். ஒலிபெருக்கி இருக்காது, வெளியாட்கள் வரமாட்டார்கள், வகுப்பு தவறாது என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். முதல்வரிடம் நேரே போகாமல் துறைத்தலைவர் அல்லது விடுதிக் காப்பாளர் வழியாக அனுப்புங்கள். மாணவிகளுக்கான இடத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அந்தப் பகுதியை மாணவி ஒருவரே எழுதட்டும். அனுமதி வந்ததும் அதன் நகலை அடுத்த ஆண்டு வரும் முதலாண்டு மாணவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.